வந்து சேராத கடிதம்

சென்ற வாரம் பௌதிக பாடம் முடிந்து வகுப்பறையை விட்டு நாம் வெளியேறும் வேளையில், மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "சேர், யப்பானிலை கார்க் கொம்பனியள் தாங்கள் வித்த கார்களைத் திருப்பி அழைக்கிறவையாம். அப்ப, அப்பாவின்ரை காரையும் திருப்பிக் குடுக்க வேணுமோ?" என்று கேட்டான். அருகில் நின்ற மாணவர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கார் வைத்திருக்கும் பெரியவர்களிற் பலர் இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்டதில்லை என்பது நமக்குத் தெரியும்.

அச்சிறுவனுக்குச் சொன்ன விடையையே வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம். மீளழைப்பு என்பது வண்டியைப் பறித்துக் கொள்வதன்று. செய்து விற்ற வண்டியில் உயிருக்கு ஆபத்து விளைக்கத்தக்க ஒரு குறை உண்டென்று பின்னர் தெரியவந்தால், அதனைச் செய்தவர்களே உரிமையாளருக்கு அறிவித்து, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அக்குறையை நீக்கிக் கொடுப்பதே மீளழைப்பாகும். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டில் ரால்ப் நாடர் என்பவர் கார்களின் ஆபத்தான அமைப்பைப் பற்றி எழுதிய நூலொன்று பெருங்கிளர்ச்சியை உண்டாக்கியது. மறு ஆண்டே, குறைகளை மறைக்காது அறிவிக்க வேண்டுமென்ற சட்டம் அங்கே பிறந்தது. குறையை இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டுமென்ற விதி 1974இற் சேர்க்கப்பட்டது. யப்பானில் 1969 முதல் இம்முறை வழக்கில் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு. 2018 செப்ரெம்பரில் ரொயோட்டா நிறுவனம், 2015 யூன் முதல் 2018 மே வரை செய்யப்பட்ட பிரியஸ் முதலிய கலப்பு எரிபொருள் வண்டிகளில், உலகெங்கணும் ஏறத்தாழ 10 லட்சத்து 30 ஆயிரத்தை மீள அழைத்தது. அவற்றில் ஏறத்தாழப் பாதி யப்பானிலேயே விற்கப்பட்டவை. குறை என்ன? மின்கம்பித் தொகுதி ஒன்றின் ஒரு பகுதி, அருகிலிருந்த மூடியோடு உராயக்கூடிய இடத்தில் அமைந்திருந்தது. வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வினால் கம்பியின் காவற் போர்வை நாளடைவில் தேய்கின்றது. உள்ளிருக்கும் உலோகம் வெளிப்பட்டால் குறுஞ்சுற்று உண்டாகும். அதனால் வெப்பம் பிறக்கும். வெப்பம் மிகுந்தால் தீப்பற்றவும் கூடும்.

இதற்குப் பரிகாரம் யாதென்று கேட்டால் வியப்படைவீர்கள். கம்பியின் உள்ளீடு வெளிப்படாதிருந்தால் பாதுகாப்பு நாடாவைச் சுற்றிவிடுவது. வெளிப்பட்டிருந்தால் உறையிட்ட புதிய கம்பித் தொகுதியைப் பொருத்துவது. அவ்வளவே. ஒரு சாண் நாடா தடுக்கக்கூடிய தீ, நாடா சுற்றப்படாமையால் ஒரு குடும்பத்தையே வருத்தக்கூடும்.

வண்டி ஓடாமல் நின்றால் அச்சமில்லை என்று எண்ணுவோரும் உளர். அதுவும் பிழை. 2023 செப்ரெம்பரில் ஹுண்டாய், கியா என்னும் இரு நிறுவனங்கள் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை மீள அழைத்தபோது, திருத்தம் முடியும் வரை வீட்டுக்கும் ஏனைய கட்டடங்களுக்கும் அப்பால், வெளியிலேயே வண்டியை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டன. எஞ்சின் நின்றிருக்கும்போதும் பற்றரியிலிருந்து சில பகுதிகளுக்கு மின் சென்றுகொண்டே இருப்பதால், நிறுத்திய வண்டியிலும் குறுஞ்சுற்று நேரலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானிற் சில காலம் ஓடி, 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு கப்பலேறி வந்தவை. மீளழைப்புக் கடிதமோ யப்பானிற் பதியப்பட்ட உரிமையாளரின் விலாசத்துக்கே செல்லும். கார் கடல் கடந்துவிட்டது; கடிதம் கடல் கடப்பதில்லை. மேலும், 2020 மார்ச்சு முதல் 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி இங்கு நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. கம்பிகளும் அவற்றோடு கூடவே முதுமையடைந்தன.

நம் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். அவருடைய காரில் முன்விளக்குக்குரிய பியூஸ் இருமுறை எரிந்து போயிற்று. கராஜில் நின்ற பையன் 15 அம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 30 அம்பியர் பியூஸைப் போட்டுக் கொடுத்தான். "இனி எரியாது, அண்ணை" என்றான். அவன் சொன்னபடியே பியூஸ் எரியவில்லை, கம்பி எரிந்தது. கோயில் திருவிழா முடிந்து மனைவி மக்களோடு இரவில் திரும்பும் வழியில் இறப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. நல்ல காலம், அவர் உடனே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கினார். வழிப்போக்கர் ஒருவர் பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டார். பின்னர் மூத்த மகன் செசி இலக்கத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, அதே கம்பிக்காக அந்த வண்டி கப்பலேறு முன்னரே மீள அழைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

பியூஸ் என்பது காவற்காரன். அவன் இருமுறை கூவியும் கேளாமல், வாயைக் கட்டிவிட்டோம் என்று அவ்வுறவினர் இன்றும் வருந்துவார்.

கதை இதனோடு முடியவில்லை. தரகர் ஒருவர் வந்து, "கம்பியை மறைச்சுக் கட்டிப்போட்டு வித்துவிடுங்கோ, வாங்கிறவருக்குத் தெரியவோ போகுது?" என்றார். உறவினர் சிறிது நேரம் பேசாதிருந்தார். கடன் முடியாத கார் அது. பிறகு, "வாங்கிறவருக்கும் பிள்ளையள் இருக்கும்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டார். வண்டியைத் திருத்தியே வைத்துக்கொண்டார். இச்சொல்லை நம் மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும்.

வண்டி வைத்திருப்போர் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது, செசி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழிலும் வண்டியின் உடலிலும் அது இருக்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். யப்பானிய உள்நாட்டு வண்டிகளில் இது 17 குறிகள் கொண்டதன்று. சில எழுத்துகளும் எண்களும், இடையில் ஒரு சிறு கோடும், பின்னர் வரிசை எண்ணுமாக அமைந்திருக்கும்.

இரண்டாவது, அந்த இலக்கத்தை வண்டி செய்த நிறுவனத்தின் யப்பானிய இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். மொழி தெரியாதெனில் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே மொழிபெயர்த்துச் சொல்லுவார்கள். அன்றேல் அந்நிறுவனத்தின் உள்நாட்டு முகவருக்கு இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிறர் இறக்குமதி செய்த வண்டிக்கு இலவசத் திருத்தம் உண்டா, இல்லையா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்த நேர்ந்தாலும் பின்போடாதீர்கள்.

மூன்றாவது, குறை உண்டென்று தெரிந்தால், திருத்தம் முடியும்வரை வண்டியை வீட்டு முகப்பிலோ கிடுகுக் கொட்டிலிலோ நிறுத்தாமல் வெட்டவெளியில் நிறுத்துங்கள்.

நான்காவது, பியூஸ் எரிந்தால் அதே அளவுள்ளதையே இடுங்கள். மீண்டும் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். கலப்பு எரிபொருள் வண்டிகளிற் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைக் காண்பீர்கள். அவற்றில் உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும். பயிற்சி பெறாதவர் கை வைத்தலாகாது.

ஐந்தாவது, ஓடும்போது கருகல் நாற்றமோ புகையோ கண்டால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்கித் தூரமாக நில்லுங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பிச் செல்லாதீர்கள். தீ தெரிந்தால் முன்மூடியை அகலத் திறவாதீர்கள். காற்றுப் புகுந்து தீ மூளும். தீயணைப்புச் சேவையை 110 என்னும் இலக்கத்தில் அழையுங்கள்.

இறுதியாக, திருத்தியமைக்கான பத்திரத்தை வண்டிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போது அதனையும் கொடுங்கள். வாங்கும்போது அதனைக் கேளுங்கள்.

மறுநாட் காலை அந்த மாணவன் கொப்பித் தாளொன்றிற் கிழித்த துண்டை நம் மேசையில் வைத்தான். அதில் அவன் தந்தையார் தம் கையால் எழுதிய செசி இலக்கம் இருந்தது. பாட இடைவேளையில் இருவருமாகப் பார்த்தோம். அவ்வண்டிக்கு ஒரு மீளழைப்பு இருக்கத்தான் செய்தது. யப்பானிலேயே திருத்தப்பட்டும் இருந்தது. அவன் முகம் மலர்ந்ததைக் காணவேண்டுமே!

எல்லாருக்கும் அவ்வாறே நல்ல செய்தி கிடைக்கும் என்று சொல்லுவதற்கில்லை. ஆயினும் கேட்டறிந்த தீச்செய்தி, கேளாதிருந்த அமைதியிலும் நன்று. கடிதம் நம்மைத் தேடி வாராதெனின், நாமே அதனைத் தேடிச் செல்வோமாக.