உப்பளமும் சோதனைக்குழாயும்

நிலாவெளி உப்பளத்தில் கறியுப்பைப் பளிங்காக்குவது வெயில். ஆறவைத்துப் பயனில்லை: 100 கிராம் நீரில் 25 பாகை செல்சியசில் 36 கிராம் கரையும் உப்பு, கொதிநீரிலும் 39 கிராம்தான் கரையும். பென்சோயிக் அமிலம் அப்படியல்ல. ஒரு லீற்றர் நீரில் 25 பாகையில் 3.4 கிராம்; கொதிநிலையில் ஏறத்தாழ 56 கிராம். ஆறினால் பெரும்பகுதி பளிங்காகத் திரும்பி வரும். எதனோலிலோ குளிரிலேயே தாராளமாகக் கரைந்துவிடுவதால், தனி எதனோல் அதற்கு உதவாது. மீள்பளிங்காக்கலுக்குக் கரைப்பான் தேர்வதன் உயிர்நாடியே வெப்பநிலையோடு கரைதிறன் மாறும் இந்த வேறுபாடுதான். 1967இல் சார்ள்ஸ் ஹான்சன் முன்வைத்த மூன்று கரைதிறன் எண்கள் எது எதில் கரையும் என்பதை அண்ணளவாகச் சொல்லும். ஆறும்போது எவ்வளவு மீளும் என்பதைச் சோதனைக்குழாயில்தான் பார்க்கவேண்டும்.

அதனால்தான், உயர்தர இரசாயனவியல் மாணவரிடம் கரைப்பானின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுவது அநியாயம் என்கிறேன். மூலக்கூற்றின் அமைப்பைப் பார்த்து அவர்களே ஊகிக்கட்டும். பிறகு துளியளவில் சூடாக்கி, ஆற்றிப் பார்க்கட்டும். ஊகம் பிழைத்தால் ஏன் என்று விவாதிக்கட்டும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அதன் விரிவுரையாளர்களும் நகரத்து ஆசிரியர்களும் சேர்ந்து வரும் விடுமுறையிலேயே இதைத் தொடங்குங்கள்.