குழாயில் தண்ணீர் வரலையா? முதலில் வாளியை எடுங்க!

இந்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீட்டில் ஒரே சோகம். மாடிக் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. அப்பா போர் போடும் ஆள் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அவர் குழாயைத் திருகிப் பார்த்தார், அவ்வளவுதான். "தண்ணி கீழ இறங்கிருச்சுங்க. இன்னொரு முந்நூறு அடி ஓட்டிட்டா சரியாப் போயிரும்." அம்மா பீரோவைத் திறந்து சங்கிலியை எடுத்து வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! தலைவலி என்று போனவனுக்கு நாடிகூடப் பிடித்துப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற கதைதானே இது?

"ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு 20 லிட்டர் வாளியோடு மொட்டை மாடிக்குப் போனேன். மோட்டாரைப் போட்டு, தொட்டிக்குள் விழும் குழாயில் வாளியைப் பிடித்தேன். 30 நொடியில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். போரும் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது! கோளாறு தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில்.

ஒரு பார் அழுத்தம் வேண்டுமென்றால் தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். எங்கள் தொட்டி மாடிக் குழாயைவிட 5 அடிதான் உயரம். கிடைப்பது வெறும் 0.15 பார். அந்தக் கொஞ்சத்தையும் வழியில் உப்புத் தின்றுவிட்டது. கேட் வால்வு பாதி மூடியபடி இறுகிப் போயிருந்தது, குழாய் நுனிச் சல்லடை முழுக்க வெள்ளைப் படிவு. பிளம்பர் கூலியோடு மொத்தச் செலவு 900 ரூபாய்.

சரி, மேலே விழும் தண்ணீரே குறைவாக இருந்தால்? அப்போதும் பூமியைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். வோல்டேஜ் குறைவா? சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் கெப்பாசிட்டர் போய்விட்டதா? மூன்று பேஸ் என்றால் ஒயர் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? (எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள்.) மோட்டாரை நிறுத்தியதும் போருக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் பைப் ஜாயிண்ட் ஒழுகலாம். முதலில் வேகமாக வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் மட்டும்தான் போர் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் நீர்மட்டத்தை அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் 800 அடி போயிட்டார், நாம சும்மா இருக்க முடியுமா?" என்பார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. இங்கே தண்ணீர் இருப்பது மேலே உதிர்ந்த பாறையிலும் அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும். ஆழம் போகப் போக வெடிப்புகள் பெரும்பாலும் குறையும். 1000 அடி போயும் புழுதி மட்டும் கிளம்பிய போர் உங்கள் தெருவிலேயே ஒன்றாவது இருக்கும். கிடைத்தாலும், அது பல நேரம் பக்கத்து வீட்டுக் கிணற்றின் பங்குதான். நாளை அவர் 1200 அடி போவார். அப்புறம்? ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், அடிக்க வந்துவிடாதீர்கள் :)

துளை போடுகிறவர் துளை போடத்தான் சொல்வார், அது அவர் பிழைப்பு. என் கோபம் நம் மேல்தான். நூறு ரூபாய் புடவைக்கு நாலு கடை ஏறுகிற நாம், லட்ச ரூபாய்க்கு ஒரு வாளித் தண்ணீரைக்கூட அளந்து பார்ப்பதில்லை.

அம்மாவின் சங்கிலி மறுபடி பீரோவுக்குப் போய்விட்டது. "படிச்ச படிப்பு வீண் போகல" என்றார் அப்பா. அந்த வாளிக் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்று அவரிடம் சொல்லவில்லை.

பி.கு: 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்றபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழி வெட்டினார்கள். இப்போது அதன் மேல் துளசி மாடம் இருக்கிறது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 900 லிட்டர். அடுத்த விடுமுறையில் அம்மாவிடம் அந்தச் சண்டை இருக்கிறது.