தடித்த செம்பும் பிரித்த இழையும்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, குற்றாலத்திற்குச் சாரலையும், பண்பொழியை அடுத்த தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகளுக்கு விசையையும் ஒருங்கே அளிக்கின்றது. அவ்விசை ஆண்டிற் சில மாதங்களே மிகுந்து கிடைப்பது. ஆதலின் அதனை மின்னாக மாற்றும் ஜெனரேட்டரின் உள்ளேயே ஒரு பகுதி வெப்பமாய் வீணாகுமாயின், அந்நட்டம் சிறிதென்று நாம் வாளாவிருத்தல் தகாது.

மின்னோட்டத்தைத் தாங்கும் செம்பு தடித்து ஒரே கட்டியாயிருத்தலே நன்றென்பது பலர் எண்ணம். பெரிய இயந்திரங்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாதென்பதே நம் துணிபு.

காரணம் கூறுவாம். செம்புச் சட்டம் இரும்பினுள் வெட்டிய காடியிற் கிடக்கின்றது. மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் அதனை ஊடுருவுங்கால், சட்டத்தின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் எழும் மின்னழுத்தம் ஒத்திராது. கட்டிச் செம்பாயின், அவ்வேற்றுமையால் உள்ளுக்குள்ளேயே மின்னோட்டம் சுழித்தோடும். வெளியே ஒரு விளக்கையும் ஏற்றாது செம்பைச் சூடாக்குவதே அதன் தொழில். இச்சுழல் மின்னோட்டத்தை 1855-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ ஆய்ந்து விளக்கினார். செம்பைக் காப்புப் பூசிய மெல்லிழைகளாகப் பிரித்தால் சுழிக்க இடம் குறைகின்றது. இழையின் கனம் பாதியானால், அதனுள் எழும் இந்நட்டம் ஏறத்தாழ நான்கிலொன்றாகும்.

நிற்க. பிரித்தல் மாத்திரம் போதுமோ? போதாது. இழைகள் நுனியில் ஒன்றாகப் பற்றவைக்கப்படுதலின், ஓரிழை வழியே சென்று மற்றோரிழை வழியே மீளும் சுழற்சி எஞ்சும். இதனை ஒழிக்க, ஒவ்வோரிழையும் மேலும் கீழுமாகிய எல்லா இடங்களையும் முறையே அடையுமாறு பின்னும் வழியை லுட்விக் ரோபெல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் கண்டார். 1912-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

காப்புப் பூச்சு இடத்தை அடைத்துச் செம்பைக் குறைக்குமே, செலவும் மிகுமே என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின் அளவிறந்து பிரித்தலும் தவறு. இயல்பாகவே மெல்லிய கம்பி சுற்றிய சிறு இயந்திரங்களுக்கு இவ்வளவு முயற்சி வேண்டுவதுமில்லை. ஆயினும் பேரியந்திரம் பழுதுற்று மறுபடி சுற்றப்படுங்கால், சிக்கனங் கருதி இழைக்கற்றையை நீக்கி ஒற்றைச் சட்டத்தை வைத்தல் கூடாது. ஒருமுறை மிச்சமாகும் பணம், இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணியும் வெப்பமாய்க் கரையும். அவ்வெப்பம் காப்பையும் விரைவிற் கெடுக்கும்.

இலக்கியம் பயில்வார்க்கு இதிலென்ன பணி என வினவலாம். இயந்திரம் சுற்றும் தொழிலாளர்க்கு இக்காரணத்தை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தல் நம் பணியன்றோ? அருவிச்சுழி கண்டு வளர்ந்தார்க்கு மின்சுழி விளங்காதொழியுமோ?