வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும்

வானத்தில் ஒரு எரிகல் பளிச்சென்று ஓடினால் யாராக இருந்தாலும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்வார்கள். அதில் தப்பே இல்லை. இரவில் சாதாரணமாகத் தெரிபவை பெரும்பாலும் மணல் துகள் அளவுதான். தரைக்கு 80, 100 கிலோமீட்டர் மேலேயே எரிந்து தீர்ந்துவிடும்.

2013 பிப்ரவரி 15 அன்று காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதிக்கு மேலே வந்தது அந்த ரகம் அல்ல. குறுக்களவு கிட்டத்தட்ட 20 மீட்டர், வேகம் நொடிக்கு 19 கிலோமீட்டர். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தபோது சூரியனையே மிஞ்சும் வெளிச்சம். சூரியன் இருந்த திசையிலிருந்தே வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெளிச்சத்தால் பெரிய சேதம் இல்லை. பளிச்சென்றதும் ஜனங்கள் ஜன்னலோரம் ஓடிப்போய்ப் புகைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலானோருக்குக் கண்ணாடிச் சில்லு கிழித்த காயம். நல்ல வேளை, யாரும் சாகவில்லை.

யோசித்துப் பாருங்கள், அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு பெரிய அவகாசம்! ஜன்னலை விட்டு விலகி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணாத குழந்தை உண்டா? ஆனால் பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். அது உயிர் காக்கும் கணக்கு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை விழும் கல்லுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்கலாம். கல்லுக்கு மட்டும் இல்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் தீப்பிடித்தபோதும் பலர் ஜன்னலில் நின்று படம் பிடித்தார்கள். பிறகு பெருவெடிப்பு நடந்தது, அங்கேயும் கண்ணாடி பலரைக் கிழித்தது. பட்டாசு ஆலையோ, ரசாயனக் கிடங்கோ, கணக்கு ஒன்றுதான்.

பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: பெரிய வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகு, சத்தம் வந்து போன பிறகு வேடிக்கை பார். காசு செலவில்லாத இந்தப் பாதுகாப்பைச் சொல்லித் தருவதில் என்ன தயக்கம்?