கதிர்வீச்சுக்குத் தாயத்தா?

பேய்க்கும் பிசாசுக்கும், கண்ணேறுக்கும் காத்துக் கருப்புக்கும் தாயத்துக் கட்டி வந்த நமது நாட்டில், இப்பொழுது விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லியும் தாயத்துக் கட்ட ஆரம்பித்திருக்கின்றார்கள். 2020-ம் வருஷம் அக்டோபர் மாதம், ராஷ்டிரிய காமதேனு ஆயோக் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த வல்லபாய் கத்திரியா அவர்கள், பசுஞ்சாணத்தால் செய்த ஒரு சில்லைக் கையில் பிடித்துக் காட்டி, இதைக் கைப்பேசியோடு வைத்துக்கொண்டால் கதிர்வீச்சு குறையும், இது விஞ்ஞானத்தால் ருசுவான விஷயம் என்று டில்லியில் பேசினார். சில்லுக்குப் பெயர் 'கௌசத்வ கவசம்'. விலை 50 முதல் 100 ரூபாய் வரை. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, அந்த ருசு எங்கே, சோதித்தவர் யார், எந்த இடத்தில் சோதித்தார் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் முன் வைக்கத்தக்க சோதனை ஒன்றும் வெளிவரவில்லை.

இதை இப்பொழுது எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. கைப்பேசி என்பது எங்கோ வானத்திலிருந்து விழுந்த வஸ்துவல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரையில் நோக்கியா தொழிற்சாலையில் நமது பெண்டு பிள்ளைகள் கோடிக்கணக்கில் செய்து கொடுத்த சாமான்தான் அது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டாலும் கைப்பேசித் தொழில் அவ்வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் கார், லாரி, டயர், கண்ணாடி, மின்சார சாமான் என்று தொழிற்சாலைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. தன் கையாலேயே கைப்பேசியைப் பூட்டும் தொழிலாளி, அதற்குப் பயந்து சாணிச் சில்லு வாங்குவானேயானால், அது அவனுடைய குற்றமல்ல. கதிர் என்றால் என்ன, எது எதைத் துளைக்கும், எது எதனால் நிற்கும் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத குற்றமேயாகும். ஆதலால் அதை நம்மாலானவரை சொல்லுவோம்.

கதிர்வீச்சு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஜாதிச் சரக்குகளைக் கலந்து விற்பதுதான் இந்தப் புரட்டின் அஸ்திவாரம். சூரிய வெளிச்சம், அடுப்பின் அனல், ரேடியோ அலை, எக்ஸ்ரே எல்லாம் கதிர்வீச்சுத்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அந்தக் கதிர் தான் மோதும் பொருளின் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குமா, பிடுங்காதா? பிடுங்கினால் அந்த அணு அயனியாகிவிடுகின்றது. இப்படிச் செய்வதையே அயனியாக்கும் கதிர்வீச்சு என்கின்றார்கள். நமது உடம்பில் பெரும்பாகம் தண்ணீர். தண்ணீரின் மூலக்கூறு ஒன்றிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 12.6 எலக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். நொடிக்கு 200 கோடி தடவை துடிக்கும் கைப்பேசி அலையின் ஒரு துணுக்கிலுள்ள சக்தி இதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோபால்ட் 60 என்னும் பொருளிலிருந்து வரும் காமாக் கதிரின் ஒரு துணுக்கிலோ, இதைப்போல் ஏறக்குறைய லட்சம் மடங்கு சக்தி இருக்கின்றது.

துணுக்குகள் அநேகம் சேர்ந்தால் பிடுங்காதோ என்று சிலர் கேட்கலாம். மாமரத்தில் தொங்கும் காயை ஒரு கல் அடித்துத் தள்ளிவிடும். கடுகை மூட்டை மூட்டையாய் எறிந்தாலும் காய் விழுமா? கடுகு பட்டுக் காய் கொஞ்சம் சூடேறினால் ஏறலாம், அவ்வளவுதான். கைப்பேசி அலை செய்வதாக நிச்சயமாய்த் தெரிந்த காரியமும் அந்தச் சிறு சூடேயாகும். அதற்கும் கிலோ ஒன்றுக்கு 1.6 வாட் என்று நமது நாட்டில் வரம்பு உண்டு. 2011-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த அலைகளை 'ஒருகால் கேடு செய்யக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஐயம் இருந்தால் ஆராயட்டும். பேசுகின்றவர் காதைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசட்டும். அதற்குச் சாணி எதற்கு? அந்தச் சில்லு மெய்யாகவே அலையைத் தடுக்குமானால் பேச்சும் கூடவே தடைபட வேண்டும். கோபுரத்தை எட்டாத கைப்பேசியோ முன்னிலும் பலமாய் அலை வீசவேண்டி வரும். தடுக்காது என்றால் கொடுத்த காசு தெண்டம். இரண்டில் எதை ஒப்புக்கொள்ளுகின்றார்கள்?

நிற்க. மெய்யாகவே எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிர்களின் சங்கதிக்கு வருவோம். இவை முக்கியமாய் நான்கு வகை.

முதலாவது ஆல்பா. இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கனத்த உருண்டை. கூட்டத்தில் புகுந்த முரடனைப்போல் அடி எடுத்து வைக்கும் இடமெல்லாம் மோதி, சீக்கிரத்தில் தன் வேகத்தையெல்லாம் இழந்துவிடும். காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். ஒரு காகிதமோ, நமது தோலின் மேலுள்ள செத்த ஏடோ அதை நிறுத்திவிடும். ஆனால் ஆல்பா வீசும் தூசியை மூச்சில் இழுத்துவிட்டால் உள்ளே காகிதமும் இல்லை, செத்த தோலும் இல்லை. அப்பொழுது மோதுவதெல்லாம் உயிருள்ள சதையின் மீதே.

இரண்டாவது பீட்டா. வேகமாய் ஓடும் எலக்ட்ரான். காற்றில் சில மீட்டர் போகும். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும், நின்றுவிடும். குறுக்கே உள்ள பொருளின் தடிப்புக்குத் தக்கபடி அது குறைந்து வருவதால், ரப்பர்த் தாள், காகிதம் முதலியவற்றின் தடிப்பை ஓடும்போதே அளக்க டயர்த் தொழிலிலும் காகிதத் தொழிலிலும் இதை உபயோகிக்கின்றார்கள்.

மூன்றாவது எக்ஸ்ரேயும் காமாவும். இரண்டும் வெளிச்சத்தின் இனம். சக்தி மட்டும் மிக அதிகம். இவற்றுக்கு மின்னேற்றம் இல்லாததால் வழியிலுள்ள அணுக்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போவதில்லை. ஒன்று ஒரு எலக்ட்ரானிடம் தன் சக்தி முழுவதையும் கொடுத்து மடியும். அல்லது கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திசை மாறி ஓடும். சக்தி மிகுந்ததாயிருந்தால் அணுக்கருவின் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானும் அதன் எதிர்த் துகளுமாய் மாறிப் போவதும் உண்டு. எதிலும் படாமல் அப்படியே துளைத்துப் போவனவும் அநேகம். ஆகையால் இதை அடியோடு நிறுத்தும் சுவர் என்று ஒன்று இல்லை. பாதி பாதியாய்க் குறைக்கத்தான் முடியும். கோபால்ட் 60-ன் காமாவைச் சுமார் 1.2 சென்டிமீட்டர் ஈயம் பாதியாக்கும். இன்னும் அவ்வளவு ஈயம் வைத்தால் கால் பங்காகும்.

நான்காவது நியூட்ரான். கல்பாக்கம் போன்ற இடங்களில் அணு உலைக்குள் இருப்பது. கோலிக்குண்டு மற்றொரு கோலிக்குண்டின் மீது நேரே மோதினால் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத் தான் நிற்கும். பாறையில் மோதினால் துள்ளித் திரும்பும். அதுபோலவே நியூட்ரான் கனத்த ஈயத்திலே வேகம் குறைவதில்லை. ஏறக்குறையத் தன் எடையே உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு நிறைந்த தண்ணீரிலும் மெழுகிலும்தான் அடங்குகின்றது.

இவை யாவும் மந்திரத்தால் அறிந்தவையல்ல. 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது முதல் 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டது வரையில், அளந்தும் எடைபோட்டும் தவறைத் திருத்தியும் கண்டவை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தாயத்து வியாபாரத்தின் யோக்கியதை நன்றாய் விளங்கும். 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம் நெதர்லாந்து தேசத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள் பத்து வகைச் சாமான்களைச் சோதித்தார்கள். கைப்பேசி அலையிலிருந்து காப்பாற்றும் என்று விற்கப்பட்ட பதக்கங்களும் கைவளைகளும் அவற்றில் இருந்தன. பத்தும் தாமே அயனியாக்கும் கதிரை வீசுகின்றன, இரவும் பகலும் அணிந்தால் கேடு உண்டாகலாம், கழற்றி வையுங்கள் என்று எச்சரித்தார்கள். இம்மாதிரிப் பதக்கங்களில் தோரியம் கலந்திருப்பது வேறு சோதனைகளிலும் கண்ட விஷயம். நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியந்தான். இல்லாத பேயை ஓட்டுவதாகச் சொல்லி இருக்கின்ற தேளை மடியில் கட்டிவிட்ட கதை இதுவல்லவா?

இது ஒருபுறமிருக்க, மெய்யான ஆபத்து எங்கே இருக்கின்றது? தொழிலாளி பயப்படாத இடத்தில் இருக்கின்றது. பற்றவைத்த இணைப்புக்குள்ளும் வார்ப்புக்குள்ளும் ஓட்டை விரிசல் உண்டா என்று பார்க்க உலகமெங்கும் தொழிற்சாலைகளில் எக்ஸ்ரேயும், இரிடியம் 192 என்னும் பொருளின் காமாவும் பயன்படுகின்றன. எக்ஸ்ரே இயந்திரம் சுவிட்சை அணைத்தால் அணைந்துபோம். இரிடியத்துக்குச் சுவிட்சு கிடையாது. 74 நாளைக்கொருதரம் பாதியாகுமே தவிர, யார் சொன்னாலும் நிற்காது. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தாலும் நிற்காது; வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாலும் நிற்காது. அதற்கு வாசனையில்லை, சத்தமில்லை, பட்டவுடன் வலியுமில்லை. பல வருஷம் கழித்துப் புற்றுநோயாய் வந்து நிற்கும்போது, தலைவிதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போகின்றோம்.

தெரியாமை என்ன செய்யும் என்பதற்கு டில்லி மாயாபுரி சாட்சி. அங்குள்ள சர்வகலாசாலையில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட் 60 இயந்திரம் ஒன்றை 2010-ல் பழைய இரும்போடு இரும்பாய் ஏலத்தில் விட்டார்கள். மாயாபுரி இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தார்கள். கூலி வேலை செய்த ஒருவர் மாண்டார். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விற்றவர்கள் படித்தவர்கள், செத்தவர் கூலிக்காரர். 2008-ல் பிரான்சு தேசத்தில், நமது நாட்டு எஃகால் செய்த லிப்ட் பொத்தான்களிலேயே கோபால்ட் 60 கலந்திருக்கக் கண்டார்கள். பழைய இரும்பு உலைக்குப் போகும்போது உடன் உருகிக் கலந்தால் இப்படித்தான் நேரும். தொழிற்சாலை இருக்கும் இடமெல்லாம் பழைய இரும்புக் கடையும் இருக்கும். ஒரகடம் சாலை மட்டும் இதற்கு விலக்காகுமா?

இன்னொரு மூட நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கதிர் பட்டதெல்லாம் தீட்டு என்று நினைப்பது தவறு. எக்ஸ்ரேயோ காமாவோ பட்ட வார்ப்பும் மனிதனும் பிறகு கதிர் வீசுவதில்லை. வெளியிலிருந்து கதிர் வைத்தியம் செய்துகொண்ட நோயாளியைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஒட்டாது. கதிர் வீசும் தூசி மேலே படிந்தால்தான் ஒட்டும்; அதையும் கழுவி நீக்கலாம். நியூட்ரான் பட்ட பொருள் கதிர் வீசுவதாய் மாறலாம் என்பது வேறு சங்கதி. மனிதனுக்கு மனிதன் தீட்டென்று கற்பித்து வைத்த நாட்டில், நோயாளிக்கும் ஒரு புதுத் தீட்டு வேண்டியதில்லை.

ஆகவே தொழிலாளத் தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? கதிருக்கு உள்ள பரிகாரம் மூன்றே. அதன் பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்று. தூர விலகுவது ஒன்று. தூரம் இரட்டித்தால் படுவது கால் பங்காய்க் குறைந்துபோம். தகுந்த தடுப்பு வைப்பது மற்றொன்று. கதிரோடு வேலை செய்கின்றவருக்கு ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-க்கு மேற்படாமல் என்றும், மற்றப் பொது ஜனங்களுக்கு 1 என்றும் 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தார் வரம்பு வைத்திருக்கின்றார்கள். கர்ப்பமான பெண் அதைத் தெரிவித்த பிறகு கருவுக்கு 1-க்கு மேல் படக்கூடாது. கதிர் வேலையில் இருப்பவர் மார்பில் அளவு வில்லை அணிய வேண்டும். மார்பில் தொங்குகின்றதே என்று அதையும் தாயத்தாக எண்ணிவிடாதீர்கள். அது கதிரைத் தடுக்காது. எவ்வளவு பட்டது என்று கணக்கு மட்டுமே எழுதும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நிரந்தரத் தொழிலாளிக்கு வில்லை, ஒப்பந்தக் கூலிக்கு ஒன்றுமில்லை என்றால், கதிருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? மஞ்சள் பலகையில் மூன்று இதழ்க் குறியைக் கண்டால் கயிற்றைத் தாண்டாதீர்கள். தாண்டச் சொல்லும் மேஸ்திரியிடம் அளக்கும் கருவி எங்கே, பொறுப்பான அதிகாரி யார் என்று கேளுங்கள். பழைய இரும்பில் அந்தக் குறியோ, அளவுக்கு மீறிய கனமுள்ள ஈயப் பெட்டியோ கண்டால் உடைக்காமல் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

கையிலிருக்கும் கைப்பேசிக்குப் பயந்து சாணிச் சில்லு வாங்கிய 100 ரூபாயால் யார் பிழைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு சங்கத்துத் தொழிலாளர் பத்துப் பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் காசு செலவில்லாமல் ஓர் உயிர் பிழைக்கக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவதையே நாம் பகுத்தறிவு என்கின்றோம்.