முதலாளியின் முதல் யாருடையது?

முதலை ஆளுபவர் முதலாளி. அந்த முதல் எங்கிருந்து, யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை அந்தச் சொல் சொல்லாது. எம்மவர்களின் வர்த்தக விருது விழாக்களும் சொல்வதில்லை. மேடையேறுகிறவர் எவராயினும் கதை ஒன்றுதான்: வெறுங்கையோடு வந்திறங்கினார், அவரிடம் ஒரு யோசனை இருந்தது, இரவு பகலாக உழைத்தார், இன்று விட்பியில் பெரிய வீடும் மூன்று கிளைகளுமாக நிற்கிறார். கைதட்டல். பிறகு இரவுச் சாப்பாடு. இந்தக் கதையை இப்போது இளையவர்களுக்குப் பாடமாகவும் நடத்துகிறார்கள். யோசனையை வியாபாரமாக்குவது எப்படி என்று சனிக்கிழமைகளில் பட்டறை வைக்கிறார்கள். அந்தப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. மாசி மாதத்துப் பனியில் விடியப்புறம் நாலு மணிக்கு பஸ்சுக்கு நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் நின்றவர் அவர் ஒருவரா? அதே சமையலறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவியவரும் அதே அளவு நேரம்தான் நின்றார். உழைத்தால் உயரலாம் என்பது உண்மையானால் எங்கள் துப்புரவுத் தொழிலாளரெல்லாம் இன்று விட்பியில் வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். பலர் இன்றும் ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அடுத்தது யோசனை. எம்மவர் தொடங்கிய தொழில்களை எண்ணிப் பாருங்கள்: மரக்கறிக் கடை, கொத்துரொட்டிக் கடை, நகைக் கடை, புடைவைக் கடை, வீடியோக் கடை, விமான ரிக்கெற், வீடு விற்பனை, காப்புறுதி, ஊருக்குக் காசு அனுப்பும் உண்டியல். இவற்றில் எது ஒருவருடைய மூளையில் மட்டும் உதித்தது? 1980களில் ரொறன்ரோவின் வெல்லெஸ்லி, பார்லிமென்ற் தெருக்களின் பக்கத்து மாடிக் கட்டடங்களில் குடியிருந்த எங்கள் பெடியள் எல்லோருக்கும் முருங்கைக்காயும் இடியப்பமும் தேவைப்பட்டன. இங்கே ஒரு கடை போட்டால் ஓடும் என்ற யோசனை அவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்தது. கடை போட்டவர் கையில் பத்தாயிரம் டொலர் இருந்தவர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி யோசனை எங்கிருந்து வந்தது என்பதல்ல. பத்தாயிரம் டொலர் எங்கிருந்து வந்தது?

வங்கியிலிருந்து வரவில்லை. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். அவர்களில் எவரிடம் வங்கி கேட்கிற கடன் வரலாறு இருந்திருக்கும்? அகதிக் கோரிக்கை முடியுமட்டும் எவருக்கும் நாளை என்பது நிச்சயமில்லை. கோரிக்கை ஏற்கப்பட்டவரிடமும் அரசு காசு கேட்டது. 1995 இல் நிரந்தர வதிவிடத்துக்கு ஆளுக்கு 975 டொலர் கட்டணம் விதித்தார்கள். 2000 இல்தான் அகதிகளை அதிலிருந்து விலக்கினார்கள். இப்படியிருந்தவர்களுக்குக் கடன் கொடுக்க முன்வந்த நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அதன் பெயர் சீட்டு.

சீட்டின் கணக்கை இளையவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். இருபது பேர் மாதம் 500 டொலர் கட்டினால் மொத்தம் 10,000. முதல் மாதத் தொகை சீட்டுப் பிடிப்பவருக்குப் போகும். அடுத்த மாதத்திலிருந்து கழிவு கூற வேண்டும். கடை போட அவசரப்படுகிறவர் 2,000 டொலர் கழிவு கூறி 8,000 டொலரை எடுத்துக்கொண்டு போவார். கழிவுத் தொகை மற்றவர்களின் கட்டுப்பணத்தில் குறையும். அவசரமில்லாதவர் கடைசிவரை காத்திருந்து முழுத் தொகையையும் எடுப்பார். பார்வைக்கு இருவருக்கும் நன்மை.

கடைசிவரை காத்திருப்பவர் யார்? தொழிற்சாலையில் பொதி கட்டுகிற அக்கா. இரவில் அலுவலகக் குப்பை அள்ளுகிற மாமா. ஊரில் தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு சேர்க்கிற பெடியன். அவர்களின் வாரக்கூலிதான் அந்த 8,000 டொலர். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கொப்பியில் இருபது பெயர்கள், அவ்வளவே. எடுத்தவர் நடுவழியில் கட்டாமல் விட்டால், அல்லது சீட்டுப் பிடித்தவர் இரவோடிரவாக மாயமானால், அந்த அக்கா எந்தப் பொலிசுக்குப் போவார்? போனவர்கள் மிகச் சிலர். அழுது போட்டு அடுத்த சீட்டில் சேர்ந்தவர்களே அதிகம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்: நாணயம். கடைக்காரரிடம் முதலாவது நாணயம் இருக்கவில்லை. இரண்டாவது இருக்கும் என்று நம்பி, முதலாவதை ஏழைகள் கொடுத்தார்கள்.

கிழிக்கப்பட்ட பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று மனைவியின் உழைப்பு. காலையில் தொழிற்சாலை, பின்னேரம் கடையின் பின்னறையில் வெங்காயம் உரிப்பு, இரவில் கணக்கு. சம்பளமும் இல்லை, கம்பனிப் பத்திரத்தில் பெயரும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ஸ்பொன்சரில் கூப்பிடப்பட்ட அம்மாமார் கடைக்கு வடையும் றோல்சும் செய்த கதையும் இதற்குள் அடங்கும்.

மற்றது கூலி. 1995 முதல் 2004 தொடக்கம் வரை ஒன்ராறியோவில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6.85 டொலர். எங்கள் கடைகள் பலவற்றில் அதைக்கூடக் கண்ணால் காணாதவர்கள் எத்தனை பேர்! கேட்டால், உனக்கு வேலை செய்யப் பத்திரம் இல்லை, நான் உனக்கு உதவியல்லவா செய்கிறேன் என்பார்கள். பச்சைத் தண்ணியில் பலகாரம் சுடுகிற கெட்டித்தனம் என்று இதை மெச்சவும் ஆட்கள் உண்டு. அது பச்சைத் தண்ணீரல்ல, அடுத்தவனின் வியர்வை.

இதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். சீட்டுக்கு யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கழிவு என்பது வட்டிதான், வட்டி கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. வியாபாரத்தில் ஆபத்தைச் சுமந்தவன் நான், ஆகவே இலாபமும் என்னுடையது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர் எவருக்கும் கடன்காரர் அல்லர். ஆனால் ஆபத்தைச் சுமந்தவர் அவர் மட்டும்தானா? கடை மூடப்பட்டிருந்தால் கொப்பியில் இருந்த பத்தொன்பது பேரின் காசும் சேர்ந்தே போயிருக்கும். நட்டத்தில் பங்காளிகளாக இருக்க வேண்டியவர்கள் இலாபத்தில் ஏன் வெறும் வாடிக்கையாளர்களாகிறார்கள்? தவிரவும், கழிவு என்பது காசுக்கான வட்டி. கொடுக்காமல் விட்ட கூலிக்கு அது ஈடாகாது.

விட்பிக்குக் கிழக்கே பக்கத்து ஊர் ஒஷாவா. அங்கே பார்க்வுட் என்ற மாளிகை இருக்கிறது. கலியாணப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அதன் தோட்டம் தெரியும். அது சாம் மக்லாக்லின் கட்டியது. கனடாவின் மோட்டார் வாகனத் தொழிலின் கதையில் அவர் பெயர்தான் முன்னுக்கு நிற்கிறது. அவருடைய தந்தை றொபேட், எனிஸ்கிலன் என்ற சிறு கிராமத்தில் குதிரை வண்டி செய்யத் தொடங்கி, 1876 இல் ஒஷாவாவுக்கு வந்தவர். 1899 டிசெம்பரில் அவரது தொழிற்சாலை எரிந்து சாம்பலாயிற்று. வேறு பல ஊர்கள் எங்களிடம் வாருங்கள் என்று அழைத்தன. ஒஷாவா நகரமோ 50,000 டொலரைக் கடனாகக் கொடுத்து அவரைத் தன்னிடமே இருத்திக்கொண்டது. வசதிப்படும்போது திருப்பித் தந்தால் போதும் என்பது ஏற்பாடு. அந்தக் கடனில் எழுந்த தொழிற்சாலையில்தான் 1907 இல் பியூக் கார்களோடு மகன் சாம் வாகன உற்பத்தியைத் தொடங்கினார். 1918 இல் அது ஜெனரல் மோட்டோர்ஸ் ஆயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 1937 ஏப்ரலில் ஒஷாவாவின் ஏறத்தாழ 4,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாகாண முதல்வர் மிச் ஹெப்பேர்ன் அவர்களுக்கு எதிராக நின்றார். இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் நின்று பிடித்துத் தமது பங்கை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். ஊர் கொடுத்த கடன் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. தொழிலாளியின் கோரிக்கையும் எழுத்தில் இருந்தது. அதனால்தான் நூறு வருடம் கழித்தும் எங்களால் அதைப் பேச முடிகிறது. எங்கள் சீட்டுக் கொப்பிகள் எங்கே?

வெள்ளைக்காரனின் உதாரணம் எதற்கு என்பவர்களுக்கு ஊரிலேயே ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத்தை அறியாத வீடு இருக்கவில்லை. சவர்க்காரம் க. கனகராசா கண்டுபிடித்த பொருளல்ல. ஆனால் அந்தத் தொழிலின் பெயரிலேயே அவர் 'மில்க்வைற் செய்தி' என்ற இதழை வெளியிட்டார், பனை விதை நடுவதை ஊரூராகப் பரப்பினார். சவர்க்காரம் வாங்கிய சனத்துக்குத் தான் ஏதோ கடன்பட்டிருப்பதாக ஒரு முதலாளி நினைத்தார் என்பதைத்தான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன். தன் படத்தைப் பெரிதாகப் போட்டு நாள்காட்டி அடிப்பதோடு சமூகக் கடமை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை.

இதை இப்போது ஏன் கிளற வேண்டும்? 1991 இல் 61,281 பேர் வாழ்ந்த விட்பியில் 2021 இல் 138,501 பேர். வெல்லெஸ்லியிலிருந்து ஸ்காபரோ, அங்கிருந்து மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் என்று நகர்ந்து வந்த எங்கள் குடும்பங்களும் இந்த எண்ணிக்கையில் உண்டு. வந்து சேர்ந்தவர்கள் வசதியானவர்கள். ஆனால் அவர்களின் கடைகளில் சாமான் அடுக்குகிறவர்களும் மண்டபங்களில் மேசை துடைக்கிறவர்களும் புதியவர்கள்: மாணவர் விசாவில் வந்தவர்கள், கோரிக்கை முடியாத அகதிகள். முப்பது வருடத்துக்கு முன் எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வசனத்தை இன்று அவர்களுக்கு நாங்கள் சொல்கிறோம்: உனக்கு நான் உதவியல்லவா செய்கிறேன். அவர்களையே சனிக்கிழமைப் பட்டறையில் இருத்தி, உன்னிடம் யோசனை இருந்தால் நீயும் என்னைப்போல வரலாம் என்று போதிக்கிறோம். வராவிட்டால் யோசனை போதாது, அல்லது உழைப்புப் போதாது. குற்றம் எப்போதும் அவனுடையது. கிழித்த பக்கத்தின் பயன் இதுதான்.

ஆகவே பட்டறை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது நாலு விடயங்கள். வேலை செய்கிறவருக்குச் சட்டப்படியான கூலியைச் சம்பளத் துண்டோடு கொடுங்கள். மனைவியின் பெயரைப் பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகையில் போட்டது போதும். கம்பனியின் பங்குப் பத்திரத்தில் போடுங்கள். ஒரு விருது விழாவின் செலவை ஒரு வருடம் மிச்சம் பிடித்து, புதிதாக வந்தவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஒரு பொது நிதியை, கணக்குப் புத்தகத்தோடும் கணக்காய்வோடும், சட்டப்படி தொடங்குங்கள். ஒஷாவா ஒரு குதிரை வண்டிக்காரருக்குச் செய்ததை, இத்தனை முதலாளிகளைக் கொண்ட எங்களால் செய்ய முடியாதா?

நாலாவது செலவில்லாதது. அடுத்த முறை மேடையேறும்போது வெறுங்கையோடு வந்தேன் என்று தொடங்காதீர்கள். அந்தப் பழைய கொப்பியைத் தேடியெடுத்து, அதில் இருந்த பத்தொன்பது பெயர்களையும் வாசியுங்கள். அவர்களில் சிலர் மண்டபத்தின் பின்பக்கத்தில், கோப்பை கழுவுகிற இடத்தில், இன்னும் நிற்கக்கூடும்.