கப்பம் கட்டிய கொச்சியின் கணக்கு

1991இல் இந்தியா பொருளாதாரச் சீர்திருத்தத்தில் இறங்கியது. அதற்குச் சரியாக 200 ஆண்டுகள் முன்பே கொச்சியில் ஒரு நிதி நெருக்கடி மூண்டது. தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் கடந்து, வெலிங்டன் தீவு வழியே மட்டாஞ்சேரிக்குப் போனால் அதன் சாட்சிகளான அரண்மனையையும், கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயிலையும் பார்க்கலாம்.

1791 உடன்படிக்கைப்படி கொச்சி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டது. படிப்படியாக உயர்ந்து அது ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆனது. ஆனால் நாட்டின் வருவாயும் அதிகாரமும் நாடுவாழிகள் என்ற சிற்றரசர்களிடம் சிதறிக் கிடந்தன. 1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான் அவர்களது அதிகாரத்தைப் பறித்தார். நாட்டை வட்டங்களாகப் பிரித்து, தன் அதிகாரிகளை அமர்த்தினார். கஜானாவுக்குப் பணம் நேரே வந்தது.

இந்தச் சாதனைக்கு இன்னொரு முகமும் உண்டு. பணத் தேவையில் மன்னரின் பார்வை திருமலை தேவஸ்வத்தின் செல்வத்தின் மீதும் விழுந்தது. 1791இல் கோயில் சூறையாடப்பட்டது. கொங்கணிகள் தங்கள் தெய்வத்துடன் ஆலப்புழைக்கு ஓடினர். விக்ரகம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது 1853இல்தான். வரவைப் பெருக்கத் தெரிந்த அரசு, வணிகர்களின் நம்பிக்கையை இழந்தது.

ஜப்பானும் இதே வழியில்தான் நடந்தது. 1871இல் நிலப்பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்தது. 1873இல் நெல்லுக்குப் பதில் நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாக வரி கேட்டது. விவசாயிகள் கிளர்ந்தெழ, 1877இல் வரி 2.5 சதவீதமாகக் குறைந்தது. 1890இல் நாடாளுமன்றமும் கூடியது.

கொச்சியில் சட்டசபை அமைய 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1938இல் மக்கள் பிரதிநிதி ஒருவர் அமைச்சரானார். அப்போது திவான், கோவைத் தமிழரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் தாக்கல் செய்தவரும் அவரே.

சிதறிய வரியை ஒரே கஜானாவில் குவிப்பது சீர்திருத்தத்தின் பாதிதான். 2017இல் வந்த ஜி.எஸ்.டி.யும் சிதறிய பல வரிகளை ஒன்றிணைத்தது. கடன் வரம்பை எதிர்த்து 2023இல் கேரளம் உச்ச நீதிமன்றப் படியேறியது, மறுபாதி இன்னும் தீராத வழக்கு என்பதைக் காட்டுகிறது. குவிந்த பணத்துக்கு யார், யாருக்குக் கணக்குச் சொல்வது? சக்தன் தம்புரானிடம் யாரும் கேட்க முடியாத கேள்வி அது. இன்று கேட்க முடிகிறது.